கருப்பாகும் ஆயிலும் காலைத் தட்டலும்: ஊட்டியில் ஓடும் ஒரு டீசல் காருக்கான பதில்

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன், நான் சரியாகப் புரிந்துகொண்டேனா பாருங்கள். 2018 மாடல், 1.3 லிட்டர் காமன் ரெயில் (உயர் அழுத்தத்தில் டீசலை ஒரே பொதுக் குழாயில் தேக்கி எல்லா சிலிண்டருக்கும் பீச்சும் முறை) டீசல் கார். 90,000 கி.மீ. ஓடிய நிலையில் கோவையில் வாங்கி ஊட்டிக்குக் கொண்டு வந்திருக்கிறீர்கள். ஆயில் மாற்றி 150 கி.மீ. கூட ஓடவில்லை, அதற்குள் ஆயில் அளவு பார்க்கும் கேஜ் கம்பியில் மை மாதிரி கருப்பு. காலையில் முதல் ஸ்டார்ட்டில் டக டக என்று தட்டல், இன்ஜின் சூடானதும் போய்விடுகிறது. கோவையில் ஓட்டிப் பார்த்தபோது அந்தச் சத்தம் இல்லை. ஒரு மெக்கானிக் ஆயில் போலி என்கிறார், இன்னொருவர் டீசலில் கலப்படம் என்கிறார், மூன்றாமவர் இன்ஜினை ஃப்ளஷ் செய்தால், அதாவது கழுவும் திரவம் ஊற்றி உள்ளே சுத்தம் செய்தால், இரண்டும் சரியாகிவிடும் என்கிறார். யாரை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மையில் உங்களுக்குத் தெரிய வேண்டியது, கருப்பும் தட்டலும் ஒரே கோளாறிலிருந்து வருகின்றனவா என்பதுதான். அநேகமாக இல்லை. கருப்பு ஒரு கோளாறே கிடையாது. தட்டல் கவனிக்க வேண்டிய விஷயம். ஆனால் அதற்கான காரணத்தை ஆயில் நிறத்தில் தேடினால் கிடைக்காது.

நான் மேட்டுப்பாளையத்தில் 27 வருடமாக டீசல் வேலை பார்க்கிறேன். டீசல் பம்ப் பழுதுபார்க்கும் கடையில் டீசலைப் பீச்சும் நாசில் கழற்றிப் பழகி, அப்புறம் காமன் ரெயிலுக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டவன். மலையிலிருந்து கோவைப் பக்கம் இறங்கும் வண்டிகள் பெரும்பாலும் எங்கள் ஊரைத் தாண்டித்தான் போகும் என்பதால் நீலகிரி வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். இருந்தாலும் ஒரு சத்தத்தைக் காதால் கேட்காமல் இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. அதனால் எது உறுதி, எது என் ஊகம் என்று பிரித்தே எழுதுகிறேன்.

முதலில் ஆயில். பெட்ரோல் இன்ஜினில் காற்றும் எரிபொருளும் முன்னாடியே கலந்து எரிகின்றன. டீசலில் அப்படி இல்லை. அழுத்திச் சூடேறிய காற்றுக்குள் டீசல் பீச்சியடிக்கப்படுகிறது, பீச்சும்போதே எரிகிறது. அந்தத் தாரையின் நடுப்பகுதிக்குக் காற்று போதாது, அங்கே கரி உண்டாகிறது. அதில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே வந்து ஆயிலில் சேர்கிறது. இ.ஜி.ஆர். உள்ள இன்ஜினில் புகையின் ஒரு பங்கு திரும்ப உள்ளே வருவதால் இது இன்னும் கூடுதல். இந்தக் கரித்துகள் ஒரு மைக்ரானுக்கும் குறைவானது. ஆயில் ஃபில்டர் பிடிப்பதெல்லாம் 20 மைக்ரான், அதற்கு மேலே உள்ள தூசிகளைத்தான். ஆகவே எவ்வளவு நல்ல ஃபில்டர் போட்டாலும் கருப்பு போகாது. கரி ஒன்றோடொன்று சேர்ந்து கட்டியாகிவிடாமல் தனித்தனியாக மிதக்க வைப்பதற்கென்றே டீசல் ஆயிலில் ரசாயனம் கலக்கிறார்கள். ஆயில் கருப்பாகத் தெரிகிறது என்றால் கரி ஆயிலில் இருக்கிறது என்று அர்த்தம். அது அங்கேதான் இருக்க வேண்டும். ரிங் பள்ளத்திலும், இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பின் வலையிலும் ஒட்டிக்கொண்டு ஆயில் மட்டும் பளிச்சென்று இருந்தால்தான் நான் பயப்படுவேன்.

150 கி.மீ.யிலேயே எப்படி என்பீர்கள். உங்கள் இன்ஜினில் பிடிப்பது சுமார் மூன்று லிட்டர். வடிகட்டும் போல்ட்டைக் கழற்றி எவ்வளவு நேரம் விட்டாலும் ஆயில் கூலர், உள் ஓட்டைகள், டர்போ பைப் என்று ஆங்காங்கே கால் லிட்டர் போலத் தங்கிவிடும். அந்தக் கால் லிட்டர் முழுக்கக் கரி. புதிய ஆயிலைக் கருப்பாக்க அதுவே போதும், முதல் ஸ்டார்ட்டிலேயே நிறம் மாறிவிடுவதும் உண்டு. அதுவும் புது ஆயில் பழைய படிவுகளைக் கரைத்து எடுக்கும் தன்மையோடு இருந்தால் இன்னும் சீக்கிரம் கருக்கும். ஒரு ஒப்பீடு வேண்டுமானால் சி.என்.ஜி.யில் ஓடும் ஆட்டோவின் ஆயிலைப் பாருங்கள், பல ஆயிரம் கி.மீ. ஓடிய பிறகும் தேன் நிறத்தில் இருக்கும். அதற்காக அது நல்ல ஆயில், உங்களுடையது கெட்ட ஆயில் என்று ஆகிவிடாது. போலி ஆயில் சந்தையில் இருப்பது உண்மைதான். ஆனால் அதை நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. நம்பிக்கையான கடையில், சீல் உடையாத டப்பாவாக வாங்கிக் கண்முன் ஊற்றச் சொல்வதுதான் வழி.

நிறத்தை விட்டுவிட்டு நான் பார்ப்பது அளவும் வாசனையும்தான். வண்டியைச் சமமான தரையில் இரவு முழுக்க நிறுத்தி, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் கேஜ் கம்பியை எடுத்துத் துடைத்துப் போட்டுப் பாருங்கள். ஆயில் குறைவதைக் கண்டு பதறுகிறவர்கள் நிறையப் பேர் உண்டு, கூடுவதைக் கண்டு பதறுகிறவர் மிகக் குறைவு. கூடுவதுதான் ஆபத்து. ஒரு டூரிஸ்ட் வேன் ஓட்டுநர் என்னிடம் வந்து, ‘அண்ணா, ஏழாயிரம் கிலோமீட்டர் ஓடியும் ஒரு சொட்டு ஆயில் குறையல’ என்று சந்தோஷமாகச் சொன்னார். கம்பியை எடுத்துப் பார்த்தால் மேல்கோட்டுக்கு ஒரு விரல் மேலே நிற்கிறது. மூக்கருகே கொண்டு போனதும் டீசல் வாடை. டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர் ஒன்று சொட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. எரியாத டீசல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு சம்ப்புக்குள் இறங்கியிருக்கிறது. ஆயில் குறைந்ததை டீசல் நிரப்பியிருக்கிறது, அவ்வளவுதான். சம்ப்பைக் கழற்றியபோது பேரிங் ஷெல்லில் மேல்பூச்சு தேய்ந்து செம்பு தெரிந்தது. அன்றிலிருந்து எந்த டீசல் வண்டி வந்தாலும் நான் முதலில் பார்ப்பது அந்தக் கம்பியைத்தான்.

ஊட்டியில் இது உங்களுக்குக் கூடுதலாகப் பொருந்தும். வீட்டிலிருந்து மார்க்கெட், பள்ளிக்கூடம், திரும்ப வீடு என்று மூன்று நான்கு கி.மீ. ஓட்டினால் ஆயில் முழுச் சூட்டுக்கு வருவதே இல்லை. டீசல் இன்ஜின் ஐடிலில் நின்றாலோ இறக்கத்தில் கியரில் இறங்கினாலோ மெல்ல ஆறிப்போகும். இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டால் டீசல் பீச்சுவதே நின்றுவிடுகிறது, சூடு எங்கிருந்து வரும்? ஆயில் சூடாகாவிட்டால் அதில் சேர்ந்த தண்ணீரும் டீசலும் ஆவியாகி வெளியேறாமல் உள்ளேயே தங்கும். ஆயில் ஊற்றும் மூடிக்கு அடியில் வெண்ணெய் மாதிரி வெளிறிய பசை தெரிந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம், நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு மறைந்துவிடும். கேஜ் கம்பியிலேயே ஆயில் பால் காப்பி நிறத்தில் இருந்தால் கதை வேறு. கூலண்ட் உள்ளே வருகிறது, வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். பி.எஸ்.6 என்ற புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டி வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டி சுத்தமாவதற்காகப் பல இன்ஜின்களில் கடைசி நேரத்தில் கூடுதல் டீசல் பீச்சப்படும். குறுகிய ஓட்டத்தில் அது பாதியில் நின்று நின்று போனால் ஆயில் அளவு ஏறும். உங்கள் பி.எஸ்.4 காரில் இந்தத் தொல்லை இருக்க வாய்ப்புக் குறைவு.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. இன்ஜின் சூடாக இருக்கும்போது கேஜ் கம்பியிலிருந்து ஒரு சொட்டு ஆயிலை வடிதாளிலோ காப்பி ஃபில்டர் தாளிலோ விட்டு, ஒரு நாள் அசையாமல் வைத்துவிடுங்கள். கருப்பு ஒரே சீராகப் பரவி ஓரத்தை நோக்கி மெல்ல மங்கினால் ஆயில் இன்னும் கரியைத் தாங்குகிறது. நடுவில் கெட்டியான கருப்புப் பொட்டு அப்படியே நின்று, அதைச் சுற்றிச் சட்டென்று வெளுத்திருந்தால் ஆயில் தளர்ந்துவிட்டது. வெளி ஓரத்தில் தனியாக ஒரு வெளிறிய வளையம் தெரிந்தால் டீசல் கலந்திருக்கலாம். இது துல்லியமான சோதனை அல்ல, தாளும் வெப்பமும் மாறினால் முடிவும் மாறும். ஒரே காருக்கு, ஒரே தாளில், மாதம் ஒருமுறை செய்து பழைய தாளோடு ஒப்பிட்டால்தான் பயன். துல்லியம் வேண்டுமென்றால் ஆயிலை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். கரி எவ்வளவு, டீசல் எவ்வளவு, இரும்பு எத்தனை, மண் தூசியைக் காட்டும் சிலிக்கான் எத்தனை என்று எழுத்தில் வரும். பெரிய ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் இதை வழக்கமாகச் செய்கிறார்கள். உங்கள் காருக்கு இப்போதைக்கு அது தேவைப்படாது.

ஃப்ளஷ் வேண்டாம் என்பது என் கருத்து. கருத்து என்றே சொல்கிறேன், ஒத்துக்கொள்ளாத நல்ல மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள். 90,000 கி.மீ. ஓடிய, முந்தைய பராமரிப்பு என்னவென்று தெரியாத இன்ஜினில் படிந்திருக்கும் கசடு ஒரேயடியாகப் பெயர்ந்தால் அது போய்ச் சேரும் இடம் சம்ப்பின் உறிஞ்சு வலை. வலை அடைத்தால் ஆயில் பிரஷர் விழும், டர்போதான் முதலில் பலியாகும். பழைய வழக்கப்படி மண்ணெண்ணெய் அல்லது டீசல் ஊற்றி ஐந்து நிமிடம் ஓட்டிக் கழுவுவது இதைவிட மோசம். நான் சொன்ன அந்தக் கால் லிட்டர் கணக்கு இங்கேயும் உண்டு, கழுவியது முழுவதும் வெளியே வராது. கசடு இருக்கும் என்று சந்தேகமாக இருந்தால் நல்ல ஆயில் ஊற்றி, ஆயிலையும் ஃபில்டரையும் 3,000 கி.மீ.யில் ஒருமுறை, அப்புறம் 5,000 கி.மீ.யில் ஒருமுறை மாற்றுங்கள். ஆயில் தானாகவே மெதுவாகக் கழுவி எடுக்கும். அதன் பிறகு உங்கள் குறுகிய ஓட்டத்துக்கு 7,500 கி.மீ. அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது என்று நான் வைத்துக்கொள்வேன். ஆயிலை மாற்றாமல் இழுத்தடிப்பதில் ஒரு கெடுதல் உண்டு, அது நன்றாகத் தெரிந்த விஷயம். மிதக்கும் கரி அளவுக்கு மேல் போனால், வால்வுகளைச் சரியான நேரத்தில் திறக்க வைக்கும் டைமிங் செயினின் பின்களை அரம் போல அராவும். செயின் நீளும். உங்கள் இன்ஜின் செயின் வைத்த இன்ஜின்.

சரி, இப்போது சத்தம். ‘குளிர்ச் சத்தம்’ என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதில் இரண்டு சாதி உண்டு. ஒன்று, ஆயில் வந்து சேரும் வரைக்கும் கேட்கும் இரும்புச் சத்தம். இரவு முழுக்க நின்றதில் ஆயில் கீழே வடிந்திருக்கும். வால்வைத் திறக்கும் டேப்பெட்டைச் சரியாகத் தாங்கும் ஹைட்ராலிக் பாகங்களும், செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் ஆயில் பிரஷரில் இயங்குகிறவை. அவை நிரம்பும் வரை கிடுகிடு என்றோ டிக் டிக் என்றோ கேட்கும். இரண்டு மூன்று வினாடியில் நின்றுவிட்டால் பெரிய கவலை இல்லை. தினமும் ஐந்து வினாடிக்கு மேல் நீண்டால் முதலில் ஃபில்டரைச் சந்தேகப்படுங்கள். ஆயில் திரும்ப வடியாமல் தடுக்கும் வால்வு சில ஃபில்டர்களுக்குள்ளேயே இருக்கும், சில இன்ஜின்களில் ஃபில்டர் கூட்டில் இருக்கும். மலிவான ஃபில்டர் போட்ட பிறகு ஆரம்பித்த இந்த மாதிரிச் சத்தம், நல்ல ஃபில்டர் போட்டதும் நின்றதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆயிலின் தடிமனைக் குறிக்கும் கிரேடும் இதில் வரும். 15டபிள்யூ-40 ஊட்டிக் குளிரில் உறைந்துவிடாது, அது மைனஸ் 20 டிகிரிக்கே அளவிடப்பட்டது. ஆனால் 5டபிள்யூ-30 அதைவிட வேகமாக மேலே போய்ச் சேரும். உங்கள் கார் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதையே ஊற்றுங்கள், மலைக்கு என்று தடிமனாக ஊற்றச் சொன்னால் கேட்காதீர்கள்.

இரண்டாவது சாதி, எரியும்போது வரும் தட்டல். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், ‘சூடானதும் போய்விடுகிறது’ என்கிறீர்கள், வினாடிக் கணக்கு சொல்லவில்லை, அதனால் இது இந்தச் சாதி என்றே நினைக்கிறேன். டீசல் உள்ளே பீச்சப்பட்டதும் அந்தக் கணமே பற்றிக்கொள்ளாது. ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு தாமதம் இருக்கும். காற்று நல்ல சூடாக இருந்தால் தாமதம் குறைவு, டீசல் வந்து வந்து எரியும். குளிர்ந்தால் தாமதம் நீளும், அதற்குள் டீசல் சேர்ந்துவிடும், சேர்ந்தது எல்லாம் ஒரே அடியாகப் பற்றும். அந்த அடிதான் உங்களுக்குக் கேட்கும் டக. காமன் ரெயிலில் முக்கிய பீச்சலுக்கு முன் துளித் துளியாகப் பைலட் பீச்சல் செய்து இந்த அடியை மென்மையாக்குகிறார்கள். 1997-இல் ஆல்ஃபா ரோமியோ 156 காரில் காமன் ரெயில் வந்தபோது, டீசல் காரா இது என்று கேட்கும்படி சத்தம் குறைந்ததற்கு இதுவும் ஒரு பெரிய காரணம்.

கோவையில் இல்லாத சத்தம் ஊட்டியில் வந்ததன் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. கோவை கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டர் சொச்சம், ஊட்டி சுமார் 2,240 மீட்டர். ஊட்டியில் காற்றழுத்தம் கடலோரத்தைவிடக் கிட்டத்தட்ட கால் பங்கு குறைவு. செல்ஃப் அடிக்கும்போது டர்போ சுற்றுவதில்லை, ஆகவே இன்ஜின் அந்த மெலிந்த காற்றைத்தான் அழுத்தியாக வேண்டும். அழுத்தி முடிக்கும் இடத்தில் அழுத்தமும் குறைவு, அதனால் பற்றும் தாமதம் நீளும். மார்கழி, தை மாதங்களில் உறைபனி வேறு. குளிர்ந்த சிலிண்டர் சுவர் இருக்கும் சூட்டையும் உறிஞ்சிக்கொள்ளும். இந்த இடத்தில் இன்ஜினுக்குக் கை கொடுப்பது, சிலிண்டருக்குள் மின்சாரத்தால் சூடேறும் ஹீட்டர் பிளக். கோவையில் நான்கு ஹீட்டர் பிளக்கும் செத்துக் கிடந்தாலும் கார் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகிவிடும், ஓட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது. மலைக்கு வந்த முதல் காலையில்தான் தெரியும். சமவெளியில் வாங்கி மேலே கொண்டு போன எத்தனையோ கார்களில் ஒன்றோ இரண்டோ பிளக் போயிருப்பதைக் கண்டிருக்கிறேன். இன்ஜின் ஸ்டார்ட் ஆன பிறகும் சிறிது நேரம் அவை எரிந்துகொண்டே இருக்கும். வெள்ளைப் புகையையும் தட்டலையும் குறைக்கத்தான் அந்த ஏற்பாடு. அதனால் பிளக் போனால் ஸ்டார்ட் ஆவது மட்டும் சிரமம் என்று எண்ண வேண்டாம், முதல் ஒரு நிமிடச் சத்தமும் கூடும்.

இதைக் கண்டுபிடிக்கச் செலவே இல்லாத ஒரு வழி சொல்கிறேன். காலையில் சாவியைத் திருப்பி டேஷ்போர்டில் ஹீட்டர் பிளக்கைக் காட்டும் சுருள் வடிவ விளக்கு அணையும் வரை காத்திருங்கள். செல்ஃப் அடிக்காமல் சாவியை அணைத்துவிட்டு மீண்டும் திருப்புங்கள், மீண்டும் காத்திருங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். மறுநாள் ஒரே ஒரு முறை திருப்பி ஸ்டார்ட் செய்யுங்கள். இரண்டு நாளுக்கும் தட்டலில் பெரிய வித்தியாசம் தெரிந்தால் சூடு போதவில்லை என்பது உறுதி, பிளக்கையோ அதற்கு மின்சாரம் கொடுக்கும் ரிலேயையோ பார்க்க வேண்டும். வித்தியாசமே இல்லையென்றால் பிளக் நன்றாக இருக்கலாம், எல்லாமே செத்தும் இருக்கலாம், இந்தச் சோதனை அதைப் பிரித்துக் காட்டாது. எலெக்ட்ரீஷியன் மீட்டர் வைத்து ஒவ்வொன்றையும் அளந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பேட்டரியிலிருந்து நேரடியாக 12 வோல்ட் கொடுத்துச் சிவக்கிறதா என்று பார்க்கும் பழைய பழக்கத்தை மட்டும் அனுமதிக்காதீர்கள். புதிய தலைமுறை பிளக்குகளில் சில இதைவிடக் குறைந்த வோல்ட்டில் ஓடுபவை, எரிந்துபோகும்.

டீசல் தரத்துக்கு வருகிறேன். டீசல் எவ்வளவு சீக்கிரம் பற்றும் என்பதைக் காட்டும் எண் சீட்டேன். நம் நாட்டுத் தரப்படி குறைந்தது 51 இருக்க வேண்டும். அது குறைந்தால் குளிர்த் தட்டல் கூடும், இதில் சந்தேகமில்லை. மண்ணெண்ணெய் கலந்தால் சீட்டேனும் குறையும், அதைவிட முக்கியமாக வழுவழுப்பும் குறையும். காமன் ரெயில் பம்புக்கு டீசலைத் தவிர வேறு மசகு கிடையாது. குளிருக்கு ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் விட்டால் நல்லது என்று மலை லாரிக்காரர்கள் முன்பு சொல்வார்கள். அந்தக் காலத்துப் பம்ப் தாங்கியது, உங்கள் பம்ப் தாங்காது. அப்புறம், ‘கந்தகம் நீக்கிய பி.எஸ்.6 டீசல் பழைய இன்ஜினைக் கெடுக்கும்’ என்று ஒரு பேச்சு உலாவுகிறது. 2020 ஏப்ரல் முதல் நாடு முழுக்க வரும் டீசலில் கந்தகம் 10 பி.பி.எம். (பத்து லட்சத்தில் பத்து பங்கு) தான், அதற்கு முன் 50. கந்தகத்தோடு வழுவழுப்பும் போவது உண்மை, அதை ஈடுகட்டும் மசகுப் பொருளைக் கலந்துதான் சந்தைக்கு அனுப்புகிறார்கள். கந்தகம் குறைந்ததால் ஆயிலில் அமிலம் உருவாவதும் குறைந்திருக்கிறது. உங்கள் காருக்கு அது லாபம்தான்.

நீங்கள் டீசல் போடும் பெட்ரோல் பங்க்கில் கலப்படமா என்றால், இங்கிருந்து சொல்ல முடியாது, ஆனால் நீங்களே பார்க்க வழி உண்டு. ஒவ்வொரு பங்கிலும் ஹைட்ரோமீட்டர், தெர்மாமீட்டர், 15 டிகிரிக்கு மாற்றும் அட்டவணை இருக்க வேண்டும். அடர்த்தியைப் பார்க்க வேண்டும் என்று கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. அன்றைக்கு அவர்கள் பதிவு செய்த எண்ணோடு உங்கள் கண்முன் எடுத்த அளவு கன மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் விலகக் கூடாது. ஃபில்டர் தாள் சோதனை பெட்ரோலுக்கு மட்டும்தான், டீசலுக்கு அதில் எதுவும் தெரியாது. என் அனுபவத்தில் கலப்படத்தைவிடத் தண்ணீர்தான் அதிக வண்டிகளைக் கெடுத்திருக்கிறது. பாதி காலியான டேங்க் ஊட்டி இரவில் குளிரும்போது உள்ளே இருக்கும் ஈரக்காற்று வியர்த்துவிடும். அதனால் முக்கால் டேங்குக்குக் குறையாமல் வைத்திருங்கள். டீசல் ஃபில்டரின் அடியில் இருக்கும் திருகைத் திறந்து கொஞ்சம் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து ஓர் இரவு வைத்தால், தண்ணீர் இருந்தால் கீழே தனியாகப் பிரிந்து நிற்கும். அடுப்பு, விளக்கு பக்கத்தில் இதைச் செய்ய வேண்டாம். குளிரில் டீசல் மெழுகு கட்டும் என்று பயப்படுகிறவர்களும் உண்டு. நம் தரத்தில் ஃபில்டர் அடைக்கும் வெப்பநிலைக்கான குளிர்கால வரம்பு 6 டிகிரி, ஆகவே உறைபனி நாளில் அது நடக்கவே நடக்காது என்று சொல்ல மாட்டேன். லடாக்குக்கு என்று மைனஸ் 33 டிகிரியிலும் உறையாத தனி டீசலை இந்தியன் ஆயில் 2019-இல் கொண்டுவந்தது இந்தச் சிக்கலுக்காகத்தான். ஆனால் மெழுகு கட்டினால் வண்டி ஸ்டார்ட் ஆகிச் சிறிது தூரத்தில் மூச்சு முட்டி நிற்கும், தட்டாது. உங்கள் அறிகுறி அது இல்லை.

இன்ஜெக்டர் க்ளீனர் பாட்டில்களைப் பற்றி அரைமனதோடுதான் சொல்வேன். சீட்டேனைக் கூட்டும் சேர்க்கை உண்மையிலேயே தட்டலைக் குறைக்கும், அதன் வேதியியல் தெளிவானது. நாசில் துளையைச் சுத்தம் செய்வதாகச் சொல்பவை சில வண்டிகளில் உதவியிருக்கின்றன, சிலவற்றில் ஒன்றும் நடக்கவில்லை. தேய்ந்துபோன இன்ஜெக்டரை எந்தப் பாட்டிலும் சரிசெய்யாது. அந்தப் பணத்துக்கு டீசல் ஃபில்டரை மாற்றினால் பலன் நிச்சயம். இன்ஜெக்டருக்குள் இடைவெளி சில மைக்ரான்தான், ஒரு தலைமயிரின் தடிமனில் இருபதில் ஒரு பங்கு. அதைக் காப்பாற்றுவது அந்த ஃபில்டர் மட்டுமே.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் முதலில் நாளைக் காலை கேஜ் அளவையும் வாசனையையும் பார்ப்பேன். அடுத்து, பானெட்டைத் திறந்து வைத்துவிட்டுச் சாவி போடுவதற்கு முன்பிருந்தே போனில் பதிவு செய்வேன். சத்தம் எத்தனை வினாடி இருக்கிறது, வெள்ளைப் புகை வருகிறதா, இன்ஜின் குலுங்குகிறதா என்று அதில் தெரியும். ஸ்டார்ட் ஆனதும் ரேஸ் கொடுக்க மாட்டேன். அரை நிமிடம் விட்டுவிட்டு மெதுவாக ஓட்டிச் சூடேற்றுவேன், பத்து நிமிடம் ஐடிலில் நிறுத்துவது வீண். ஹீட்டர் பிளக் நான்கையும் அளக்கச் சொல்வேன். டீசல் ஃபில்டர் மாற்றுவேன். விற்பனை அதிகமுள்ள வேறொரு பங்கில் இரண்டு டேங்க் நிரப்பி ஓட்டிப் பார்ப்பேன். இவ்வளவுக்கும் அசையாத தட்டல், குறிப்பாக நன்றாகச் சூடான பிறகும் ஒரே சிலிண்டரில் கேட்கும் தட்டல் என்றால், அப்போது இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் அளவை, அதாவது அவை பீச்சாமல் திருப்பி அனுப்பும் டீசலின் அளவைப் பார்க்கும் பம்ப் கடைக்குப் போகலாம். அதற்கு முன் யாரையும் இன்ஜெக்டரைக் கழற்ற விடாதீர்கள். அடியில் இருக்கும் செம்பு வாஷரைப் புதிதாக மாற்றாமல் திருப்பிப் போட்டால் இல்லாத கசிவு வந்து சேரும். கேஜ் எங்கே நின்றது, சத்தம் எத்தனை வினாடி என்ற இரண்டையும் எழுதினால் அடுத்தது என்ன என்று இன்னும் திட்டமாகச் சொல்ல முடியும்.